கன்னிமூலைப் பில்லர்

இருபத்தெட்டுப் பில்லர். பில்லர் என்று சொல்வதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான், கம்ப்யூட்டருக்குள் அது வெறும் கோடு, தடிமன் இல்லாத கோடு, நீ ஒன்பதுக்குப் பன்னிரண்டு இஞ்ச் அகலம், உனக்குள் இத்தனை கம்பி இருக்கிறது என்று நாம்தான் ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும், சொல்லாவிட்டால் அதற்குத் தான் யாரென்றே தெரியாது. மணி இரண்டேகால். சாப்பிட்ட சோறு கண்ணை இழுக்கிறது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக் என்கிறது, அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி மூன்று மாதம் ஆயிற்று, யாரிடம் சொன்னேன் என்பதே மறந்துவிட்டது. ஏழு வருடத்துக்கு முன்னால் இதே விடுதிக்கு இதே கோடுகளை நான் போட்டிருக்கிறேன், அந்த ஃபைல் இருந்த ஹார்ட் டிஸ்க் செத்துப்போய் நாலு வருடம், இப்போது விடுதிக்காரர் அர்த்தநாரி அண்ணனுக்கு மேலே இன்னொரு மாடி வேண்டும், பனியன் கம்பெனிக்கு வரும் பெண்களுக்கு இடம் போதவில்லையாம், ஆகவே இந்தக் கலாமணி, நான்தான், மறுபடியும் முதல் கோட்டிலிருந்து ஆரம்பிக்கிறாள். ஒரு கட்டடத்தை இரண்டு தடவை கட்டுகிற அலுப்பு. கல்லைத் தூக்கியவனுக்குக்கூட ஒரு தடவைதான்.

மேற்கிலிருந்து கிழக்காக ஏ முதல் ஜி வரை ஏழு வரிசை, தெற்கிலிருந்து வடக்காக ஒன்று முதல் நாலு. ஜி-நாலில் தொடங்கினேன். எப்போதும் ஏ-ஒன்றில்தான் தொடங்குவேன், இன்றைக்கு ஏன் கை வடகிழக்குக்குப் போயிற்று என்று கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டால் பதில் தெரியும். அங்கே மாடிப்படி. படியைச் சுற்றி நான் போட்ட பில்லர்கள் நல்ல தாட்டியமானவை, ஒன்பதுக்குப் பதினெட்டு, ஏனென்றால் அவற்றின் தலையில்தான் தண்ணீர் டேங்க் வரவேண்டும். வரைபடத்தில் வந்துமிருக்கிறது. இருபதாயிரம் லிட்டர் என்று என் கையெழுத்தில் எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போட்டிருக்கிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால் என் கையெழுத்து இவ்வளவு திருத்தமாக இருந்ததா. இப்போது எழுதினால் மருந்துச் சீட்டுப் போல இருக்கிறது. ஜி-நாலு, ஜி-மூன்று, எஃப்-நாலு, எஃப்-மூன்று, இந்த நாலும் இரும்பு. இந்த நாலு பில்லரை நினைத்தால் எனக்குத் தூக்கம் கெடாது. ஈ வரிசை முடிந்தது. டி முடிந்தது. மின்விசிறி டக். கிழக்கிலிருந்து மேற்கே நகர நகர உள்ளங்கை ஏன் ஈரமாகிறது, சித்திரை மாதம், ஈரமாகத்தான் செய்யும்.

கோடு கோட்டோடு சேரவில்லை என்று எச்சரிக்கை வருகிறது. முதல் மாடியில் சி வரிசை பீம், பில்லரைத் தொடாமல் பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ளி அந்தரத்தில் நிற்கிறது. திரையில் பார்த்தால் தொட்டுக்கொண்டிருப்பதுபோலத்தான் இருக்கிறது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் நடுவில் ஓர் இடைவெளி. இந்த வேலையில் இதுதான் எனக்குப் பிடிக்காத இடம், பிடித்த இடமும் இதுதான், மெஷின் நம்மைப்போல ஒப்பேற்றாது, சேர்ந்தால் சேர்ந்தது, இல்லாவிட்டால் இல்லை, பார்க்கச் சேர்ந்தமாதிரி இருக்கிறதே என்று சமாதானம் சொல்ல முடியாது. பீமின் முனையைப் பிடித்து இழுத்துப் பில்லரில் வைத்தேன். வீட்டில் நல்லசிவம் தினமும் காலையில் செய்தித்தாளை மடித்துக்கொண்டே கேட்பார், "ஏனம்மிணி, உன்ற கட்டடமெல்லாம் நிக்குதா?" கல்யாணமான நாளிலிருந்து ஒரே கிண்டல், பத்தொன்பது வருடமாக நானும் "நிக்குது நிக்குது, நீங்க பல்லு வெளக்குங்க" என்பேன். இன்றைக்குக் காலையில் மட்டும் பதில் சொல்லாமல் குக்கரை இறக்கினேன். அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னேன் என்றா.

பி வரிசை. சரி, யோசித்துவிடுகிறேன், யோசிக்காமல் இருக்கத்தான் அதிகத் தெம்பு செலவாகிறது. ஏழு வருடத்துக்கு முன்னால் நாத்தனார் மகள் கல்யாணம். இரண்டாம் பந்தி. மண்டபத்தில் ஏசி வேலை செய்யவில்லை, பட்டுப்புடவை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது, எனக்குப் பின்னால் மூன்றாம் பந்திக்காரர்கள் நாற்காலியைப் பிடித்தபடி நான் எப்போது எழுந்திருப்பேன் என்று நின்றிருந்தார்கள். போன் வந்தது. அர்த்தநாரி அண்ணன். வாஸ்துக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம், வடகிழக்கு ஈசானியமாம், அங்கே பாரமே வைக்கக் கூடாதாம், தண்ணீர் டேங்க் கன்னிமூலையில்தான் உட்கார வேண்டுமாம், தென்மேற்குதான் வீட்டிலேயே கனமாக இருக்கவேண்டிய மூலையாம், நாளைக்கு டேங்குக்கு ஷட்டரிங் பலகை அடிக்கிறார்கள், மாற்றிக்கொள்ளலாமா. இடது கையில் போன், வலது கை சாதத்தில், சாதத்தின் நடுவில் பள்ளம், பரிமாறுகிற ஆள் கேட்காமலேயே ரசத்தை ஊற்றிவிட்டான், பள்ளம் உடைந்து ரசம் இலையின் ஓரத்துக்கு ஓடுகிறது, புடவைக்கு வருவதற்குள் நான் கையால் அணை கட்டுகிறேன், கட்டிக்கொண்டே சொன்னேன், "வெச்சுக்குங்ண்ணா. ஒண்ணும் ஆகாது." ரசத்தைத் தடுத்துவிட்டேன். புடவையில் ஒரு சொட்டுப் படவில்லை. அந்தப் புடவை இப்போதும் பீரோவில் கறையில்லாமல் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன், மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்து வேலை வந்தது, அதற்கு மறுநாள் மகளுக்குக் காய்ச்சல், அப்புறம் கான்கிரீட் போட்டுவிட்டார்கள், போட்டபிறகு எதற்கு என்று விட்டேனா, போட்டபிறகு பயந்து விட்டேனா, இரண்டும் ஒன்றுதானோ என்னவோ. புது வரைபடமும் கொடுக்கவில்லை. காகிதத்தில் டேங்க் இன்றைக்கும் மாடிப்படி மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஏ வரிசை. ஏ-நாலு, ஏ-மூன்று, ஏ-இரண்டு. ஏ-ஒன்று. கோடு விழுந்தது. ஒன்பதுக்குப் பன்னிரண்டு, ஆறு கம்பி, பன்னிரண்டு மில்லி. மூலைப் பில்லருக்கு இவ்வளவு போதும் என்று எல்லோரும் கொடுப்பதுதான், மூலையில் பாரம் குறைச்சல், கால்வாசி அறையைத்தான் அது சுமக்கும், நானும் அப்படித்தான் கொடுத்தேன், அதில் தப்பில்லை, தலையில் தண்ணீர் ஏறாதவரைக்கும் தப்பில்லை. போன் அடித்தது. அவரேதான். நினைத்தால் வந்துவிடுகிற மனிதர். "ஏனுங் இஞ்சினியரம்மா, சாப்டாச்சுங்களா? நம்ம வேலை எந்த மட்டுல இருக்குதுங்க?" என்றார். "போட்டுட்டே இருக்கேங்ண்ணா. சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன்." "ஒண்ணும் அவசரமில்லீங். மேஸ்திரி ஆளுகளோட ரெடியா இருக்காரு, அதுக்காவ கேட்டனுங். நம்ம கட்டடத்துக்கு என்னங்க, கல்லாட்டம் நிக்குது. நீங்க போட்ட கட்டடமாச்சே." "சரிங்ண்ணா." வைத்துவிட்டேன். அண்ணா, அந்த டேங்க், என்று தொடங்கியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஏழு வருடமாக இப்படி வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறது, இன்றைக்கு மட்டும் வெளியே வரவேண்டும் என்று என்ன கட்டாயம். முதலில் கணக்கு வரட்டும். ஒருவேளை தாங்கினால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா. எத்தனை கட்டடம் அப்படித் தாங்கிக்கொண்டிருக்கிறது. நாங்கள் எல்லாக் கனத்தையும் ஒன்றரை மடங்காக வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம், எங்கள் தொழிலில் அந்த அரை மடங்குதான் தெய்வம், மேஸ்திரியின் திருட்டு, கம்பியின் துரு, என்னைப்போன்றவர்களின் பந்திச் சாப்பாடு எல்லாவற்றையும் அதுதான் பொறுத்துக்கொள்கிறது.

பாரம் ஏற்றும் வேலை. இது எனக்குச் சலிக்காத வேலையாக இருந்தது ஒரு காலம். சுவர் இத்தனை, தளம் இத்தனை, மேலே ஓடு பதித்தது இத்தனை, பிறகு ஆட்கள். ஆட்களைக் கணினி ஆட்களாக எடுத்துக்கொள்ளாது, சதுர மீட்டருக்கு இருநூறு கிலோ என்று அறை முழுக்கச் சமமாகப் பரப்பிவிட வேண்டும், மாவு பரப்புவதுபோல. தொண்ணூற்றாறு கட்டில். திறப்பு விழாவுக்குப் போனபோது மூலை அறையில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள், ஒடிசாவோ ஜார்க்கண்டோ, என்னைப் பார்த்து எழுந்து நிற்கலாமா வேண்டாமா என்று பாதி எழுந்தாள், நான் உட்காரச் சொன்னேன், அந்த அறைக்கு நேர் மேலேதான் டேங்க், அவள் சாய்ந்திருந்த சுவருக்கு ஓரத்தில்தான் ஏ-ஒன்று. அன்றைக்கு நான் பில்லரைத் தட்டிப் பார்த்தேன். தட்டினால் என்ன தெரியும், தேங்காயா அது. அவள் நான் தட்டுவதைப் பார்த்துச் சிரித்தாள். இருநூறு கிலோ, சமமாக, பரப்பியாயிற்று. இப்போது டேங்க். கையை எடுத்து முழங்காலில் துடைத்தேன். வரைபடத்தில் இருக்கிற இடத்திலேயே வைத்தால் என்ன. காகிதம் அப்படித்தான் சொல்கிறது, காகிதத்தைத்தானே யாரும் கேட்பார்கள், நாளைக்கு ஏதாவது ஆனால் வரைபடத்தை மீறிக் கட்டியது அவர்கள்தான் என்றாகிவிடும். எவ்வளவு சுத்தமாக அமைந்திருக்கிறது பாருங்கள், நான் எழுதிக்கொடுக்காமல் விட்டதே எனக்கு நல்லதாகிவிட்டது. அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு மவுஸைத் தென்மேற்குக்கு நகர்த்தினேன். இருபது டன் தண்ணீர், பத்து டன் டேங்க்கின் சொந்தக் கனம், ஏ-ஒன்று, ஏ-இரண்டு, பி-ஒன்று, பி-இரண்டு. வைத்துவிட்டேன். புது மாடியை இன்னும் ஏற்றவில்லை, இப்போது இருப்பது மட்டும்.

கணக்கை ஓடவிட்டேன். முப்பது வினாடி. முதலில் அந்த அசைவுப் படம் வருகிறது, கட்டடம் பாரத்தில் எப்படி வளைகிறது என்று நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், நிஜத்தில் ஒரு மில்லி வளைவது திரையில் தலைவிரித்து ஆடும், எல்லாக் கட்டடமும் ஆடத்தான் ஆடும் என்று தெரியும், தெரிந்தும் இருபது வருடமாக இந்தப் படத்தை நான் முழுசாகப் பார்ப்பதில்லை. இன்று பார்த்தேன். தென்மேற்கு மூலை தலையை ஆட்டிக்கொண்டிருந்தது, தூக்கம் தாளாத ஆள் பஸ்ஸில் ஆடுவதுபோல. நிறுத்தினேன். பிறகு நிறங்கள். பச்சை, பச்சை, மஞ்சள், பச்சை. ஏ-ஒன்று, தரைத்தளம், சிவப்பு. ஒன்று புள்ளி பூஜ்யம் ஏழு. ஒன்றுக்குள் இருந்தால் சரி, தாண்டினால் சரியில்லை. நூற்றுக்கு ஏழு. பயமா ஆறுதலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வந்திருந்தால் கத்தியிருப்பேன், ஏழு என்பது ஒரு மாதிரியான எண், பேரம் பேசக்கூடிய எண். ஏழுதானே. ஒன்றரை மடங்கில் ஏழு போனால் மீதி எவ்வளவோ இருக்கிறது. உடனே ஒன்றும் விழாது. ஏழு வருடமாக விழவில்லையே. ஆனால் இதன் தலையில் இன்னொரு மாடியா.

கான்கிரீட்டின் தரத்தை ஒரு படி ஏற்றிப் பார்த்தேன். எம்-இருபது என்று இருந்ததை எம்-இருபத்தைந்து ஆக்கினேன். பொய்யில்லை, அலமாரியில் காகித ஃபைலில் ஆதாரம் இருக்கிறது, அந்த விடுதிக்குப் போட்ட கான்கிரீட்டிலிருந்து சதுரக் கட்டிகள் எடுத்து லேபில் நசுக்கிப் பார்த்ததில் இருபத்தாறுக்கு மேல் வந்திருக்கிறது, முத்திரையோடு சான்றிதழ் இருக்கிறது. ஓடவிட்டேன். பூஜ்யம் புள்ளி ஒன்பது எட்டு. பச்சை. முழுக் கட்டடமும் பச்சை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஜன்னலுக்கு வெளியே ஜெராக்ஸ் கடைக்காரர் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார், உலகமே எவ்வளவு சாதாரணமாக இருந்தது, முதுகில் ஏழு வருடமாக உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டதுபோல, இறங்கியும் முதுகு நிமிரவில்லை. நிமிராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். லேபுக்கு அனுப்புகிற கட்டியை எந்த மேஸ்திரி தளத்துக்குப் போகும் கலவையிலிருந்து எடுத்தான். இஞ்சினியர் வருகிறார், கட்டி போடணும் என்றால் ஒரு சட்டி சிமெண்டைத் தனியாகச் சேர்த்து, தண்ணீரைக் குறைத்து, பிள்ளைக்கு ஊட்டுவதுபோலப் பிசைந்து, கம்பியால் இடித்து இடித்து நிரப்புவார்கள், ஏழு நாளும் தொட்டியில் ஊறவைப்பார்கள், ஊரறிந்த விஷயம் இது, எனக்குத் தெரியும், லேப்காரருக்குத் தெரியும், கட்டிக்கே தெரியும். நானே நின்று பார்த்திருக்கிறேன். மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தான், நானும் சிரித்தேன். அந்த இருபத்தாறு என்பது கட்டியின் பலம், பில்லரின் பலமில்லை. மறுபடியும் எம்-இருபது என்று மாற்றினேன். மறுபடியும் சிவப்பு. களைப்பாக இருந்தது. இருபது வருடமாகப் பொய்யைச் சேர்த்துப் பிசைந்து, அது பொய் என்று தெரிந்து, தெரியாதமாதிரி இருந்து, இதற்கெல்லாம்கூட உடம்பில் பலம் வேண்டும், எனக்கு அது தீர்ந்துபோய்விட்டது, நல்ல மனசால் ஒன்றும் நான் போனை எடுக்கவில்லை, சுமக்க முடியாமல்தான் எடுத்தேன்.

"சொல்லுங் இஞ்சினியரம்மா, முடிஞ்சுதுங்களா? நான் விடுதிலதான் நிக்கறனுங்." நேரே சொல்ல வரவில்லை, தொழிற்கேள்வியில் தொடங்கினேன். "அண்ணா, மேல அந்த டேங்க் இருபதாயிரந்தானுங்களே?" "எந்த டேங்க்குங்க, பழசா?" பழசா. மின்விசிறி டக். "புதுசு ஒண்ணு இருக்குதுங்களா?" "போன வருசம் வெச்சமுங்களே. புள்ளைக அதிகமாயிப் போச்சு, தண்ணி பத்தல. அஞ்சாயிரம் லிட்டர் கருப்பு டேங்க் ரெண்டு, பழைய டேங்க் மேலயே இரும்பு கர்டர் போட்டு ஏத்தீட்டமுங். உங்களக் கேக்கலாம்னுதான் சொன்னேன், மேஸ்திரிதான் வேண்டாம்னாரு. அந்த மூலை எவ்வளவு வெச்சாலும் தாங்கும்னு இஞ்சினியரம்மாவே சொல்லியிருக்காங்கன்னு." ஒன்றும் ஆகாது என்றுதான் சொன்னேன். ஏழு வருடத்தில் அது தானாக வளர்ந்து எவ்வளவு வைத்தாலும் தாங்கும் என்றாகியிருக்கிறது. இன்னொரு பத்து டன். அதைத் திரையில் ஏற்றிப் பார்க்கக் கை போகவில்லை, பார்க்க வேண்டியதுமில்லை. "அண்ணா, கீழ அந்த மூலை ரூம்ல விரிசல் ஏதாவது விட்டிருக்குதுங்களா?" "விரிசலெல்லாம் இல்லீங், போன மாசந்தான் சுண்ணாம்பு அடிச்சோம். கதவுதான் ரெண்டு மாசமா சாத்த மாட்டேங்குது. மரம் மழைக்கு ஊதியிருக்கும்னு ஆசாரியக் கூப்பிட்டுச் சீவி உட்டோம், மறுக்கா இறுக்கிக்குச்சு." மழை பெய்து நாலு மாதம் ஆகிறது. கதவு ஊதவில்லை. மூலை தாழ்ந்து கதவு நிலை இறங்குகிறது.

"அண்ணா, மூணு டேங்க்லயும் இருக்கற தண்ணியத் தெறந்து விடுங்க. இப்பவே." "இப்பவாங்க? இப்பத்தான் மோட்டார் போட்டு நெப்புனோம், ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற நேரமுங், புள்ளைக குளிக்கத் துவைக்க..." "இப்பவேங்ண்ணா. மோட்டார ஆஃப் பண்ணச் சொல்லுங்க." அவருக்குப் பின்னால் வாளி வைக்கிற சத்தம், இந்தியில் யாரோ இரண்டு பெண்கள் எதற்கோ சிரிக்கிற சத்தம். நிதானமான மனிதர், யார்மேலும் குரல் உயர்த்திப் பார்த்ததில்லை, இப்போதும் உயர்த்தாமல்தான் கேட்டார். "ஏனுங்கம்மிணி, அன்னைக்கு நான் கேட்டப்ப நீங்க கணக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான சொன்னீங்க?" ஆமாம் என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும். "இல்லீங்ண்ணா. போடாமச் சொல்லிட்டேன்." சொன்ன பிறகு என்னவாகும் என்று ஏழு வருடமாகப் பலவிதமாக நினைத்திருந்தேன், திட்டுவார், கோர்ட்டுக்குப் போவார், ஊரெல்லாம் சொல்வார் என்று. ஆனால் அவர் போனை வைக்காமல், கையில் பிடித்தபடியே ஓடுகிறார் என்று மூச்சில் தெரிந்தது. "ரெஜினாம்மா," என்று வார்டனைக் கூப்பிடுகிற குரல் முதல் தடவையாக உடைந்து கேட்டது, "மேல கீழ இருக்கற புள்ளைக அத்தன பேரையும் வெளிய எறக்கு. செருப்புப் போடறேன், துணி எடுக்கறேன்னு ஒருத்தியும் நிக்கக் கூடாது. மூலை ரூம்ல ரெண்டு புள்ளைக நைட் ஷிஃப்ட் பாத்துட்டுத் தூங்குதுக, மொதல்ல அதுகள எழுப்பு. கதவு சிக்கும், ஒடச்சுப் போடு." பிறகு கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே செருப்பைத் தேடினேன்.